தங்கவயல் கால்களுக்கு வழிகாட்டி எங்கே?

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலிலிருந்து ஒலிம்பிக் ஓடுகளம் வரை சென்றவர் கென்னத் பவல். 1940-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் தேதி கோலாரில் பிறந்த அவர், 1964-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடினார். அந்தப் போட்டியில் இந்தியாவின் ஆடவர் 4x100 மீட்டர் தொடர் ஓட்ட அணி அரை இறுதி வரை முன்னேறியது. அந்த அணியில் பவலுடன் தமிழகத்தைச் சேர்ந்த ராஜசேகரனும் இடம்பெற்றிருந்தார். மறு ஆண்டே பவலுக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. 1970-இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் தொடர் ஓட்டத்தில் வெண்கலம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். களத்தில் காட்டிய பண்பு காரணமாக "கனவான் ஓட்டக்காரர்" என்று அழைக்கப்பட்ட பவல், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் தேதி பெங்களூருவில் காலமானார்.

பவலின் வாழ்க்கையில் கவனிக்கத்தக்க திருப்பம் ஒன்று உண்டு. இளைஞராக இருந்தபோதே அவர் தங்கவயலை விட்டு பெங்களூருவுக்குச் சென்றார். அங்கு மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனமான இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில், அதாவது ஐ.டி.ஐ.யில், வேலையும் விளையாட்டும் ஒருசேர அமைந்தன. பிறவித் திறமை அவரிடம் ஏற்கெனவே இருந்தது. அது பயனளிக்க ஒரு மாதச் சம்பளம், ஓடுவதற்குத் தளம், உடன் ஓடுவதற்கு ஆட்கள், ஓட்டத்தைப் பார்த்துத் திருத்துவதற்கு அனுபவசாலிகள் ஆகியவை தேவைப்பட்டன. அவை மாநகரத்தில்தான் கிடைத்தன.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் இந்த நிலை பெரிதாக மாறிவிடவில்லை. தன் கால்களில் வேகம் இருக்கிறது என்று உணரும் தங்கவயல் இளைஞரோ இளம்பெண்ணோ, தனியே ஓடிக்கொண்டிருப்பதா, தக்க பயிற்சியாளர் ஒருவரிடம் தன்னை ஒப்படைப்பதா என்ற கேள்வியை இன்றும் எதிர்கொள்கிறார். ஒப்படைப்பது என்று முடிவு செய்தால், அந்தப் பயிற்சியாளர் எங்கே கிடைப்பார் என்பது அடுத்த கேள்வி. முதல் கேள்விக்கு விடை காண வேண்டியவர் விளையாட்டு வீரர். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை அரசுகளுக்கு உண்டு.

சுரங்கம் தந்ததும் எடுத்துக்கொண்டதும்

ஜான் டெய்லர் அன்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் 1880-களில் தங்கவயலில் சுரங்கத் தொழிலை நிலைநிறுத்தியது. அன்றைய வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள், குறிப்பாக தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள், பூமிக்கடியில் இறங்கி உழைத்தனர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோ மீட்டருக்கும் அதிக ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக அது கருதப்பட்டது. சிவசமுத்திரத்தில் உற்பத்தியான நீர்மின்சாரம் 1902-இல் தங்கவயலுக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் இங்கிருந்து எடுக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகிறது.

சுரங்க அதிகாரிகள் வாழ்ந்த பகுதிகளில் மனமகிழ் மன்றங்களும் மைதானங்களும் உருவாகின. "குட்டி இங்கிலாந்து" என்று ஊருக்குப் பெயர் கிடைத்தது. அந்தச் செல்வச் செழிப்பின் பெரும்பகுதி தொழிலாளர் குடியிருப்புகளை எட்டவில்லை. ஆனால் விளையாட்டு எட்டியது. ஹாக்கி, கால்பந்து, கிரிக்கெட், குத்துச்சண்டை, தடகளம் என்று ஊரே விளையாடியது. விளையாடத் தெரிந்தவர்களுக்கு வேலை கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது என்பதே இதற்கு அடிப்படைக் காரணம்.

சுரங்கங்கள் 1956-இல் மைசூர் மாநில அரசின் வசமும், பின்னர் 1962-இல் மத்திய அரசின் வசமும் சென்றன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதியுடன் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. சம்பளம் நின்றதோடு, சுரங்கத்தை நம்பியிருந்த மருத்துவமனை, மன்றம், மைதானம் ஆகியவற்றின் பராமரிப்பும் கேள்விக்குள்ளானது. தடகளப் பயிற்சிக்கு ஆதாரமாக இருந்த ஒரு தொழில் அமைப்பே இல்லாமற்போனது.

இன்று தங்கவயலின் உழைக்கும் தலைமுறையில் ஒரு பெரும் பகுதியினர் விடியும் முன்பே மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் ஊரிகத்திலும் ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருவுக்குச் சென்று, இரவில் திரும்புகின்றனர். ஒரு வழிப் பயணமே ஏறத்தாழ 100 கிலோ மீட்டர். ஓட்டப் பயிற்சிக்கு உகந்தவை அதிகாலையும் மாலையும்தான். அந்த இரண்டு பொழுதுகளையும் ரயில் எடுத்துக்கொள்கிறது. பயிற்சியாளர் ஒருவர் இத்தகைய இளைஞரிடம் முதலில் கேட்க வேண்டியது காலணியைப் பற்றி அல்ல. எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

பயிற்சியாளர் என்னதான் செய்கிறார்?

ஓடுவதற்கு எதற்கு ஆசான் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. நீச்சலுக்கும் குத்துச்சண்டைக்கும் கற்றுத்தர ஆள் வேண்டும், ஓட்டம் இயல்பாகவே வருவதுதானே என்று பலரும் நினைக்கின்றனர். இந்த எண்ணம் படித்தவர்களையும் விட்டுவைத்ததில்லை.

ஒரு மைல் தொலைவை 4 நிமிடங்களுக்குள் முதன்முதலில் ஓடிய இங்கிலாந்தின் ரோஜர் பானிஸ்டர் மருத்துவம் பயின்றவர். தனக்குத் தானே பயிற்சி அளித்துக்கொள்வதில் நம்பிக்கை கொண்டிருந்தவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் அவருக்கு நான்காம் இடமே கிடைத்தது. அதன் பிறகுதான் ஆஸ்திரியாவில் பிறந்த பயிற்சியாளர் ஃபிரான்ஸ் ஸ்டாம்ஃபிலின் வழிகாட்டலை அவர் ஏற்றார். கிறிஸ் சாட்டவே, கிறிஸ் பிரேஷர் ஆகியோருடன் இணைந்து பயிற்சி பெற்றார். 1954-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் காற்று பலமாக வீசியது. ஓடலாமா, தள்ளிப்போடலாமா என்ற தயக்கத்தில் இருந்த பானிஸ்டருக்கு, லண்டனிலிருந்து வந்த ரயில் பயணத்தில் ஸ்டாம்ஃபில் அளித்த உறுதிதான் துணை நின்றது. அன்று மாலை அவர் 3 நிமிடம் 59.4 நொடிகளில் ஓடி முடித்தார். அவருடைய நுரையீரலின் கொள்ளளவு இரண்டு ஆண்டுகளில் மாறிவிடவில்லை. முடிவெடுப்பதில் ஓர் அனுபவசாலியின் துணை சேர்ந்திருந்தது.

பயிற்சியாளரின் முதல் வேலை கட்டுப்படுத்துவது. தனியே பயிற்சி பெறுவோர் பெரும்பாலும் ஒரே தவறைச் செய்கின்றனர். மெதுவாக ஓட வேண்டிய நாள்களில் வேகமாக ஓடுகின்றனர். அதனால் களைப்பு சேர்ந்து, வேகமாக ஓட வேண்டிய நாள்களில் வேகம் எடுக்க முடியாமல் போகிறது. எல்லா நாள்களும் நடுத்தர வேகத்திலேயே கழிகின்றன. இதயத்தின் திறனும் தசைகளின் தாங்குசக்தியும் பெரும்பாலும் மெதுவான, நீண்ட ஓட்டங்களால் வளர்கின்றன. அதன்மீது அளவான வேகப் பயிற்சி சேர வேண்டும். உடல் வலுப்பெறுவது ஓடும்போது அல்ல, ஓடி முடித்து ஓய்வெடுக்கும்போதுதான். இதை அறிந்தவர்களும்கூடத் தங்கள் விஷயத்தில் கடைப்பிடிப்பதில்லை. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவருக்குத்தான் அது தெரியும்.

அடுத்தது அளவு. எலும்பும் தசைநாரும் நுரையீரலைவிட மெதுவாகவே உறுதிப்படுகின்றன. மூச்சு இடம் கொடுக்கிறதே என்று ஓடும் தொலைவை ஒரேயடியாகக் கூட்டினால், முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் வலி தொடங்கி நுண்முறிவு வரை போகக்கூடும். போதிய உணவின்றிக் கடும் பயிற்சி பெறும் பெண்களுக்கு மாதவிடாய் தவறுவதும், எலும்பு வலுவிழப்பதும், இரும்புச்சத்துக் குறைவும் ஏற்படக்கூடும். ஏழைக் குடும்பத்திலிருந்து வரும் ஓட்டக்காரி ஒருவரின் வேகம் குறைந்தால், அவரைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வதற்கு முன் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும் அறிவு பயிற்சியாளருக்கு வேண்டும்.

மூன்றாவது, எந்த ஓட்டம் யாருக்குப் பொருந்தும் என்ற தீர்ப்பு. இந்தியத் தடகள வரலாற்றின் பெரிய வெற்றிகள் சில இந்தத் தீர்ப்பினால் விளைந்தவை.

நம்பியார் எடுத்த முடிவு

கேரள அரசு 1976-இல் மாணவிகளுக்காகத் தொடங்கிய விளையாட்டுப் பள்ளித் திட்டத்தில் சேர்ந்தவர்களில் ஒருவர் பி.டி. உஷா. கண்ணூரில் அவரை அடையாளம் கண்டு வளர்த்தவர் ஓ.எம். நம்பியார். விமானப் படையில் பணியாற்றியவர், முறையாகப் பயிற்சியாளர் கல்வி பெற்றவர். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. குறுந்தொலைவு ஓட்டத்தில் பெயர் பெற்றிருந்த உஷாவை அந்தப் புதிய போட்டிக்குத் திருப்பியது நம்பியாரின் முடிவு.

அந்த இறுதி ஓட்டத்தில் உஷா 55.42 நொடிகளில் நான்காவதாக வந்தார். வெண்கலம் நழுவியது ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில். மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 5 தங்கம் வென்றார். 1985-இல் துரோணாச்சாரியார் விருது நிறுவப்பட்டபோது அதை முதலில் பெற்ற மூவரில் ஒருவர் நம்பியார். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்ட அவர், அதே ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

உஷாவின் அந்த 55.42 நொடி, தேசியச் சாதனையாக 39 ஆண்டுகள் நின்றது. 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியின் தகுதிச் சுற்றில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 நொடியில் ஓடிச் சமன் செய்தார். இறுதிப் போட்டியில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது. ஒரு பயிற்சியாளர் சில மாதங்களில் எடுத்த முடிவின் பலனை எட்டிப்பிடிக்க இந்திய அமைப்புக்கு நான்கு பத்தாண்டுகள் ஆயின என்றும் இதைப் படிக்கலாம்.

உஷாவின் பங்களிப்பு ஓட்டத்தோடு முடியவில்லை. 2002-இல் கேரளத்தில் அவர் தொடங்கிய தடகளப் பள்ளியில் வளர்ந்த டின்டு லூகா, 2010-இல் 800 மீட்டர் ஓட்டத்தில் 1 நிமிடம் 59.17 நொடி என்ற தேசியச் சாதனையைப் படைத்தார். உஷா 2022-இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நல்ல பயிற்சியாளரிடம் கற்ற ஒருவர் பயிற்சியாளராகி, பின்னர் கொள்கை வகுக்கும் இடத்துக்கும் வந்திருக்கிறார்.

வெளிநாட்டுப் பெயர் மட்டும் போதாது

தில்லியில் விளையாட்டுக் கொள்கை பற்றிப் பேசும்போதெல்லாம் வெளிநாட்டுப் பயிற்சியாளர்களை வரவழைப்பது முதல் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. அதனால் நன்மைகள் விளைந்துள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. 1958-இல் கார்டிஃப் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மில்கா சிங், அந்த வெற்றிக்கு அமெரிக்கப் பயிற்சியாளர் ஆர்தர் ஹோவர்டின் ஆலோசனையைக் காரணமாகக் கூறிவந்தார். எனினும், பயிற்சியாளருக்கும் ஓட்டக்காரருக்கும் இடையிலான பொருத்தம் கடவுச்சீட்டைப் பார்த்து அமைவதில்லை.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தைச் சேர்ந்த அவினாஷ் சாப்ளே இதற்குச் சான்று. ராணுவத்தில் சேர்ந்து சியாச்சின் பனிமலையிலும் பணியாற்றிய அவரை ஸ்டீபிள்சேஸ் ஓட்டத்துக்குக் கொண்டுவந்தவர் ராணுவப் பயிற்சியாளர் அம்ரிஷ் குமார். 2018-இல் புவனேசுவரத்தில், கோபால் சைனி 1981-இல் படைத்த தேசியச் சாதனையை சாப்ளே முறியடித்தார். இடையில், பெலாரஸ் நாட்டைச் சேர்ந்த நிகோலாய் ஸ்னெசரெவிடம் தேசிய முகாமில் பயிற்சி பெற்றார். இந்தியப் பெண்கள் பலரை நெடுந்தொலைவு ஓட்டத்தில் உயர்த்திய பெருமை ஸ்னெசரெவுக்கு உண்டு. ஆயினும் அவருடைய முறை சாப்ளேவின் உடலுக்குப் பொருந்தவில்லை. சாப்ளே மீண்டும் அம்ரிஷ் குமாரிடமே திரும்பினார். பின்னர் தேவைக்கேற்ப அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் ஸ்காட் சிம்மன்ஸிடமும் பயிற்சி பெற்றார்.

2022-இல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் அவர் 8 நிமிடம் 11.20 நொடிகளில் ஓடி வெள்ளி வென்றார். தங்கம் வென்ற கென்ய வீரருக்கும் அவருக்கும் இருந்த இடைவெளி 0.05 நொடி. 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் இந்தப் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்திய ஆடவரானார். யாரிடம் சேர்வது என்பதைப் போலவே, யாரிடமிருந்து விலகுவது என்று முடிவு செய்யும் உரிமையும் வீரருக்கு உண்டு என்பதை அவருடைய பாதை காட்டுகிறது. ராணுவ வேலை இருந்ததால் அந்த உரிமையை அவரால் பயன்படுத்த முடிந்தது. வேலையில்லாத, முகாமை விட்டால் உணவுக்கே வழியில்லாத இளைஞருக்கு அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும்.

நம்பிக்கை முறியும்போது

பயிற்சியாளரிடம் ஒப்படைப்பது என்பது உடலையும் ஒப்படைப்பதாகும். அதன் ஆபத்தை நாடு 2011-இல் கண்டது. 2010-இல் தில்லி காமன்வெல்த் போட்டியிலும் அதைத் தொடர்ந்து குவாங்சோ ஆசியப் போட்டியிலும் பெண்கள் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியா தங்கம் வென்றது. சில மாதங்களுக்குள் அந்தக் குழுவைச் சேர்ந்த ஓட்டக்காரிகள் ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கினர். கர்நாடகத்தைச் சேர்ந்தவரும் அவர்களில் உண்டு. உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகொரோட்னிக்கை அன்றைய மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் அஜய் மாக்கன் பணிநீக்கம் செய்தார்.

பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் மாத்திரைகளே காரணம் என்று வீராங்கனைகள் வாதிட்டனர். ஊக்க மருந்து ஒழுங்கு நடவடிக்கைக் குழு அதைக் கருத்தில் கொண்டு ஓராண்டுத் தடை விதித்தது. பின்னர் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் தடையை இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. ஊக்க மருந்து விதிகளின்படி, தன் உடலுக்குள் செல்வதற்கு வீரரே பொறுப்பு. பயிற்சியாளர் கொடுத்தார் என்பது தண்டனையைக் குறைக்கலாம், குற்றத்தை நீக்காது.

இதனினும் கொடிய துரோகமும் நேர்வதுண்டு. 2021-இல் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர், தம்மிடம் பயின்ற வீராங்கனைகள் அளித்த பாலியல் புகாரின் பேரில் கைது செய்யப்பட்டார். தனி அறையில் உடற்பரிசோதனை, வெளியூர்ப் பயணம், அணித் தேர்வு ஆகிய அனைத்தும் ஒரே மனிதரின் கையில் இருக்கும்போது, புகார் சொல்ல முன்வரும் பெண் தன் விளையாட்டு வாழ்க்கையையே பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், வீராங்கனைகள், சிறார்கள் ஆகியோரின் பாதுகாப்புக்கான கொள்கையையும் குறைதீர்ப்பு ஏற்பாட்டையும் வலியுறுத்துகிறது. தில்லியில் இயற்றப்படும் சட்டம் மாவட்ட மைதானம் வரை சென்று சேருமா என்பதில்தான் அதன் பயன் அடங்கியுள்ளது.

எனவே, பயிற்சியாளரைத் தேடும் இளைஞர்களும் பெற்றோரும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும். அவர் எங்கு பயிற்சிக் கல்வி பெற்றார்? பயிற்சித் திட்டத்தை எழுதித் தருகிறாரா? அவரிடம் பயின்றவர்கள் காயமின்றி எத்தனை ஆண்டுகள் ஓடினர்? பெயர் தெரியாத மாத்திரையோ ஊசியோ தருகிறாரா? சிறுமிகள் பயிலும் இடத்தில் மற்றொரு பெண் உடனிருக்கிறாரா? இக்கேள்விகளால் கோபப்படுபவர் ஆசானாக இருக்கத் தகுதியற்றவர்.

இரு வகை ஓட்டக்காரர்கள்

மும்பையில் 2004-இலும் தில்லியில் 2005-இலும் பெரும் சாலை ஓட்டங்கள் தொடங்கின. பெங்களூருவில் 10 கிலோ மீட்டர் ஓட்டம் 2008-இல் தொடங்கியது. அதன் பின் பெருநகர நடுத்தர வர்க்கத்தினரிடையே ஓட்டம் ஒரு பழக்கமாகிவிட்டது. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் மாதக் கட்டணம் செலுத்திப் பயிற்சியாளரை அமர்த்திக்கொள்கின்றனர். கைக்கடிகாரம் இதயத் துடிப்பைக் கணக்கிடுகிறது. நாற்பது வயதில் முதன்முறையாக ஓடத் தொடங்குபவருக்கும் வாராந்திரப் பயிற்சித் திட்டம் கிடைக்கிறது. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

அதே பெங்களூருவுக்கு ரயிலில் வந்து செல்லும் தங்கவயல் தொழிலாளியின் பதினைந்து வயது மகளுக்கு, ஓட்டத்தில் உண்மையான திறமை இருந்தாலும், அத்தகைய திட்டம் கிடைப்பதில்லை. பணம் கொடுத்து வாங்கும் சேவையாகப் பயிற்சி மாறும்போது, நாட்டின் பதக்க வாய்ப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் வெளியே நிற்கிறார். மில்கா சிங், உஷா, சாப்ளே ஆகிய மூவரும் கட்டணம் செலுத்திப் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். ராணுவமோ மாநில அரசோ அவர்களுக்கான ஏற்பாட்டைச் செய்தது.

பயிற்சியாளர் இருந்தால் சிறிய ஊரும் உலக வரைபடத்தில் இடம் பிடிக்கும் என்பதற்குக் கென்யாவின் இட்டென் உதாரணம். அங்குள்ள செயின்ட் பேட்ரிக்ஸ் பள்ளியில் பாடம் நடத்த 1976-இல் சென்றவர் அயர்லாந்தைச் சேர்ந்த கத்தோலிக்கத் துறவி கோம் ஓ'கானல். தடகளத்தில் அவருக்கு முன் அனுபவம் கிடையாது. மாணவர்களைக் கவனித்துக் கற்றார், அங்கேயே தங்கினார். அவரிடம் வளர்ந்த டேவிட் ருடிஷா 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். இட்டெனின் உயரமும் தட்பவெப்பமும் அவருக்கு உதவின என்பது உண்மைதான். ஆனால் அந்த உயரம் ஓ'கானல் வருவதற்கு முன்பும் இருந்தது. ஒரே ஊரில், ஒரே பள்ளியில், பல ஆண்டுகள் இடம்மாறாமல் நின்ற ஓர் ஆசிரியர் அதனுடன் சேர்ந்தார்.

தில்லியும் பெங்களூருவும் செய்ய வேண்டியது

அரசியல் சாசனத்தின்படி விளையாட்டு மாநிலப் பட்டியலில் உள்ளது. ஆனால் பயிற்சியாளர் கல்வியின் தலைமையிடம் மத்திய அரசின் வசம் இருக்கிறது. 1961-இல் பாட்டியாலாவின் மோதி பாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது. 1982 தில்லி ஆசியப் போட்டிக்குப் பின் 1984-இல் உருவான இந்திய விளையாட்டு ஆணையத்துடன் அது 1987-இல் இணைக்கப்பட்டது. ஆணையத்தின் தென் மண்டல மையம் பெங்களூருவில், அதாவது தங்கவயலிலிருந்து ரயிலில் போய்வரும் தொலைவில், இருக்கிறது.

மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வாகும் இளம் வீரர்களுக்கு மாதம் ரூ. 10,000 கைச்செலவுக்கு வழங்கப்படுகிறது. முன்னாள் வீரர்களைப் பயிற்சியாளர்களாகக் கொண்டு மாவட்ட அளவில் 1,000 சிறு மையங்களை அமைக்கும் இலக்கும் வகுக்கப்பட்டது. நோக்கம் சரியானதே. எனினும், உதவித்தொகை பெறுவதற்கு முதலில் யாராவது ஒருவர் அந்தச் சிறுமியின் ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், நேரத்தைக் குறித்திருக்க வேண்டும், போட்டிக்கு அழைத்துச் சென்றிருக்க வேண்டும். திட்டங்கள் பெரும்பாலும் இந்த முதல் மனிதரைக் கணக்கில் எடுப்பதில்லை. பதக்கம் கிடைத்தபின் மேடையேறுபவர் தேசிய முகாமின் பயிற்சியாளர். உடற்கல்வி ஆசிரியரின் பெயர் ஊரிலேயே நின்றுவிடுகிறது.

தங்கவயலைப் போன்ற ஊர்களுக்குப் பெரிய அரங்கம் உடனடித் தேவையல்ல. பள்ளிகளின் உடற்கல்வி ஆசிரியர்களையும் அவ்வூரின் முன்னாள் வீரர்களையும் பாட்டியாலா நிறுவனத்தின் ஆறு வாரச் சான்றிதழ்ப் படிப்புக்கு அரசுச் செலவில் அனுப்பலாம். தேர்ச்சி பெற்றவர்களை நிரந்தர ஊதியத்தில் அதே ஊரில் அமர்த்தலாம். சுரங்க நிறுவனத்துக்குச் சொந்தமான நிலங்களில் ஒரு மண் ஓடுதளத்தைப் பாதுகாப்பது பெரும் செலவு பிடிக்கும் வேலையன்று. தங்கவயலில் தொழிற்சாலை வைத்துள்ள பி.இ.எம்.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்கள், ஒரு காலத்தில் ஐ.டி.ஐ. பவலுக்குச் செய்ததைப் போல, விளையாட்டு வீரர்களுக்கு வேலை அளிக்கலாம்.

முன்னாள் வீரர்கள் பயிற்சியாளராகும்போது ஊருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜன் காட்டியிருக்கிறார். செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த அவர், 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வென்ற வெள்ளிப் பதக்கத்தைப் பாலினச் சோதனைக்குப் பின் இழந்தார். அவமதிப்புக்கும் வறுமைக்கும் ஆளானார். பின்னர் பெங்களூருவில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பை முடித்து, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளரானார். அமைப்பு கைவிட்ட ஒருவர் அடுத்த தலைமுறையைக் கைவிடாமல் ஓடுதளத்தில் நிற்கிறார்.

பூமிக்கடியில் 3 கிலோ மீட்டர் இறங்கித் தங்கம் எடுக்க ஒரு நூற்றாண்டுக் காலம் முதலீடு செய்த நாடு இது. அந்தத் தங்கத்தை எடுத்தவர்களின் பேரக்குழந்தைகளில் யாருக்கு வேகம் இருக்கிறது என்று கண்டறிய, ஒரு நிறுத்தக் கடிகாரமும், ஒரு குறிப்பேடும், ஊரைவிட்டுப் போகாத ஒரு பயிற்சியாளரும் போதும். பயிற்சியாளரிடம் சேர்வது என்ற முடிவை எடுக்க தங்கவயல் இளைஞர்கள் தயாராக இருக்கலாம். அந்த முடிவைச் செயல்படுத்த அவர்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டிய கட்டாயம் இனியும் தொடரக் கூடாது.